கல்லைக் கற்ற கதை

கல் என்றால் என்ன என்று கிணத்துக்கடவில் கிணறு வெட்டியவரைக் கேட்க வேண்டும். மேலே ஓரளவுதான் மண். அதன் கீழே பாறை. கடப்பாறை முனை மழுங்கும். வெடி வைத்துத் தகர்த்தால்தான் வழிவிடும். பெயரிலேயே கிணற்றை வைத்துக் கொண்டிருக்கும் நமது ஊரில், தண்ணீருக்கும் மனிதனுக்கும் இடையே என்றும் நிற்பது கல்தான்.

அந்தக் கல்லுக்குள் எத்துணை ஆழம் இறங்கினும் ஒரு சங்கோ, ஒரு சிப்பியோ கிடைக்காது. உலகில் ஓடுடைய உயிர்கள் தோன்றுவதற்கு முன்பே வெந்து உறைந்து இறுகிய பழம்பாறை அது. பக்கத்து மதுக்கரையில் வெட்டி எடுக்கப்பட்ட சுண்ணாம்புக்கல்லும், நிலத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்குத் தன்மை எய்திய கல்லே. கொங்கு நாட்டுப் பாறைக்கு வயது மிகுதி; ஆனால் உயிரின் கதையைச் சொல்லும் வாய் அதற்கில்லை.

அத்தகைய ஊருக்கு ஒருநாள், கதை சொல்லும் கல் ஒன்று வந்து சேர்ந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியை ஓட்டும் இளைஞர் ஒருவர், ஊருக்கு வந்தபோது அதைக் கொணர்ந்து படிப்பக மேசைமீது வைத்தார். உள்ளங்கையளவு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டது, சுருளெங்கும் வரிவரியாகக் கீற்றுகள்.

பெரியவர் ஒருவர் கண்களில் ஒற்றிக்கொண்டார். “சாளக்கிராமமுங்க இது! பூசையறையிலே இருக்க வேண்டிய பொருளுங்க” என்றார். அருகிலிருந்த கொத்தனார் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “நல்ல சுண்ணாம்புக் கல்லுங்க. சுட்டாச் சுண்ணாம்பு, அரைச்சாச் சிமிட்டி” என்றார். நம் தோழர் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. “கல்லைக் கும்பிடற காலமெல்லாம் போச்சுங்க, பெரியப்பா” என்று அதை எடுத்து ஓரத்தில் வைத்தார்.

நாளிதழ் புரட்டிக் கொண்டிருந்த பள்ளிச் சிறுமி தலை நிமிர்ந்து கேட்டாள்: “அப்ப இது என்னதானுங்க மாமா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கும்பிடத் தெரிந்தவரிடம் ஒரு விடை இருந்தது. உடைக்கத் தெரிந்தவரிடமும் ஒரு விடை இருந்தது. மறுக்க மட்டுமே தெரிந்த நம்மிடம் விடையில்லை! ‘கல்’ என்றால் பாறை; ‘கல்’ என்றால் படி, அறிந்துகொள். ஒரே சொல்லில் இரு பொருளையும் வைத்தது நம் மொழி. நாமோ முதற்பொருளோடு நின்றுவிட்டோம். அந்த நாணம்தான் நம்மை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே கற்றதை இங்கே எழுதுகின்றோம்.

கடலும் கொம்பும்

அந்தக் கல்லுக்கு அறிஞர் உலகம் இட்ட பெயர் அம்மோனைட். இன்று கடலில் வாழும் கணவாய்க்கும் எண்காலிக்கும் அது உறவு. கணவாய்க்கு ஓடு உள்ளே. அம்மோனைட்டுக்கு ஓடு வெளியே. ஓட்டின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில்தான் உயிர் குடியிருக்கும். உடல் வளர வளர முன்னே நகர்ந்து, பின்னே ஒரு சுவர் எழுப்பும். கைவிட்ட அறைகளில் காற்று நிறையும். நூல்போன்ற குழாய் ஒன்று அவற்றையெல்லாம் இணைக்கும். காற்றறைகளின் துணையால் அது கடலில் மூழ்கிவிடாமல் மிதந்து நீந்தியது.

அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் இலைவிளிம்பு போல் நெளிந்து நெளிந்து ஒரு கோடு விழும். இந்தக் கோடு இனத்துக்கு இனம் வேறுபடும். அதைக் கொண்டும், சுருளின் அமைப்பைக் கொண்டும் இது இன்ன இனம் என்று கூறுவர். இந்த உயிர்கள் விரைவில் மாறிக்கொண்டே வந்தவை. ஓரினம் தோன்றும், உலகெங்கும் பரவும், மறையும். ஆகவே பாறையில் இன்ன அம்மோனைட் இருக்கிறது என்றால், அந்தப் பாறை இன்ன காலத்தது என்று சொல்லிவிடலாம். அரசன் பெயர் பொறித்த காசு கிடைத்தால் புதையலின் காலத்தைக் கணிக்கிறோமல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இந்தக் குலம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தது. விண்ணிலிருந்து பெருங்கல் ஒன்று மெக்சிகோப் பகுதியில் வந்து மோதி உலகையே உலுக்கிய காலம் அது. பெரும் பல்லிகளாம் டைனோசர்கள் மாண்ட அதே அழிவில் அம்மோனைட்டுகளும் மாண்டன. அறையுள்ள ஓட்டோடு இன்றும் கடலில் வாழும் நாட்டிலசு என்னும் தூரத்து உறவு மட்டும் தப்பியது.

அந்தக் கடல் நம் நாட்டிலும் இருந்தது. இன்று கரும்பும் பருத்தியும் விளையும் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் அன்று அலை அடித்தது. அதன் சேறும் மணலும் சுண்ணமும் அடுக்கடுக்காகப் படிந்து, தம்முள் வீழ்ந்த உயிர்களைப் போர்த்திக் கல்லாக்கி வைத்தன. நம் லாரித் தோழர் கொணர்ந்தது அந்தக் கடலின் ஒரு துளி.

தெய்வம் தேடிய மனிதன்

புரியாத பொருளைக் கண்டால் தெய்வத்தின் பெயரைச் சூட்டுவது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று எண்ண வேண்டாம். அம்மோனைட் என்ற சொல்லே ஒரு கடவுளின் பெயர்தான். எகிப்தியர் வணங்கிய அம்மோனுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அந்தக் கொம்பை ஒத்த கல் அம்மோனின் கொம்பாயிற்று. இங்கிலாந்தின் விட்பிக் கடற்கரையில் இதே கல்லைப் ‘பாம்புக்கல்’ என்றனர். இல்டா என்னும் புனிதவதி பாம்புகளைக் கல்லாக்கினாளாம்! பாம்புக்குத் தலை வேண்டுமே என்று, கல்லின் முனையில் தலையைச் செதுக்கி விற்ற கைவினைஞரும் அங்கே இருந்தனர். நேபாளத்தின் கண்டகி ஆறு இமயத்திலிருந்து அடித்துவரும் கருங்கற்களுக்குள் இருப்பதும் அம்மோனைட்டே. அதன் வரியோடிய சுருளைச் சக்கரம் என்றனர். கல்லைத் திருமால் என்றனர். சாளக்கிராமம் பிறந்த வரலாறு இது.

அன்று அப்படி நம்பியவரை நாம் ஏளனம் செய்யவில்லை. கடலே இல்லாத மலையில் கடற்சங்கு கிடப்பதைக் கண்டு வியந்தவன், வியப்புக்கு ஒரு பெயரிட்டான், அதுவரை குற்றமில்லை. அந்தப் பெயரோடு கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்ததே குற்றம். விட்பியில் கேள்வி தொடர்ந்தது. தலை செதுக்கிய ஊரிலேயே, தலையைத் தள்ளிவிட்டு உடலை ஆராய்ந்தோர் தோன்றினர். நம் நாட்டில் கேள்வி எழுப்ப யார் வந்தார் என்று பார்ப்போம்.

பிரம்மா பிறந்தது இலண்டனில்

1840-களின் தொடக்கத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுவை, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கிடைத்த கல்லுருவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராயும் பணி எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை நூலறிஞரிடம் வந்தது. அவர் இந்தியாவைக் கண்டவரல்லர். மேசைமேல் பரப்பிய கற்களைக் கண்டார். ஒவ்வொன்றையும் அளந்தார், வரைந்தார், வேறுபடுத்தினார். 1846-ஆம் ஆண்டில் அவரது ஆய்வு வெளிவந்தது.

புதிய இனங்களுக்குப் பெயர் வேண்டும். கிரேக்க, உரோமப் புராணங்களிலிருந்து பெயர் எடுப்பது ஐரோப்பிய அறிஞரின் வழக்கம். கற்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. ஆதலின் ஃபோர்ப்ஸ் இந்தியப் புராணத்தை நாடினார். ஒரு சங்குக்குப் பிரம்மா என்று பெயரிட்டார். மற்றொன்று விஷ்ணு. இன்னொன்று இந்திரன். வருணனும் சூரியனும் வந்தனர். ‘மெனு’ என்றொரு பெயரும் சூட்டினார். அந்நாள் ஆங்கிலேயர் மனுவை அப்படித்தான் எழுதினர். சுருங்கச் சொன்னால், தென்னாட்டு மண்ணில் கிடைத்த கடற்பூச்சிகளெல்லாம் இலண்டனில் தேவர்களாயின!

1862-ஆம் ஆண்டு பிளான்ஃபோர்டு என்ற நிலநூல் அறிஞர், நேரில் நடந்து அளந்த தம் ஆய்வை வெளியிட்டார். இந்தப் பாறைகளை மூன்று அடுக்குகளாகப் பகுத்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப்பெயர்களையே இட்டார். அதே ஆண்டில் இந்திய நில ஆய்வுத் துறையில் சேர்ந்தவர் மொராவியா நாட்டு ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. வயது இருபத்து நான்கு. தென்னிந்தியக் கற்கடலின் உயிர்களை நான்கு பெருந்தொகுதிகளில் அடுக்கி எழுதினார். 1874-இல், யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இலடாக்கு மலைகளில் நோயுற்று மாண்டபோது அவருக்கு வயது முப்பத்தாறு. அவர் உடல் லே நகரில் அடங்கியிருக்கிறது. எங்கே மொராவியா! எங்கே அரியலூர்! எங்கே லே! அறிவுப் பசிக்கு எல்லை ஏது?

அடுத்து வந்தவர் வியன்னாவின் ஃபிரான்சு கொஸ்மாத். அவரும் இருபதுகளில் இருந்த இளைஞரே. ஃபோர்ப்ஸ் பிரம்மா என்றழைத்த சங்கை மீண்டும் ஆராய்ந்தார். அதன் சுருள்கள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளாமல், சுற்றி வைத்த கயிறுபோல் வெளியே தெரிவன. மெல்லிய வரிகள், இடையிடையே குறுக்கே விழுந்த பள்ளங்கள். இது தனிப் பேரினம் என்று கண்டு, 1897-இல் அதற்குப் பிரம்மைட்டீஸ் என்று பெயரிட்டார். அறிவுலகில் அந்தப் பேரினத்துக்கு இன்றும் அதுவே பெயர். புதுவையை அடுத்த வழுதாவூர்ப் பாறைகள் அதன் தாயகம். ஆனால் அது அங்கே மட்டும் வாழ்ந்ததன்று. மேற்கு ஆத்திரேலியாவிலும், ஐரோப்பாவின் பிசுகே விரிகுடாக் கரைப் பாறைகளிலும் அதனைக் கண்டெடுத்துள்ளனர்.

இதில் ஒரு சுவை உண்டு. விஷ்ணு என்று ஃபோர்ப்ஸ் அழைத்த சங்கு, பிற்கால வகைப்பாட்டில் பிரம்மைட்டீஸ் பேரினத்தின் ஒரு கிளைக்குள் வைக்கப்பட்டது. அடிமுடி தேடிய கதையில் தீராத வழக்கை ஓட்டின் வரி தீர்த்து வைத்தது போலும்! மனுவும் தப்பவில்லை. அந்தப் பெயரை அடியாகக் கொண்டு 1922-இல் ஸ்பாத் என்னும் அறிஞர் மெனுவைட்டீஸ் என்ற பேரினத்தை அமைத்தார். அதுவும் அழிந்துபோன இனம். மனுவின் பெயர் தாங்கிய ஒன்று அழிந்துபோன செய்தியைப் படிக்கும்போது சிலருக்குப் புன்னகை தோன்றலாம். தோன்றட்டும், ஆனால் புன்னகையோடு நிற்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபோர்ப்ஸ் பிழை செய்தார். மூன்று வட்டாரங்களில் புதுவைப் பாறையே மூத்தது என்று அவர் கருதினார். பின்வந்தோர் ஆராய்ந்து, அது இளையது, அம்மோனைட்டுகளின் இறுதிக் காலத்தது என்று நிலைநாட்டினர். பிழையைச் சொன்னவரை எவரும் நாத்திகர் என்று தூற்றவில்லை. ஃபோர்ப்சின் பெயரை எவரும் அழிக்கவுமில்லை. பெரியவர் சொன்னதைச் சிறியவர் திருத்தினார். திருத்தியதால் பெரியவர் சிறியவராகிவிடவில்லை. சாத்திரத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

பெயரிடும் உரிமை

இங்கே நம் நெஞ்சைச் சுடும் கேள்விக்கு வருகின்றோம். தமிழ் மண்ணில் கிடந்த சங்குக்குப் பிரம்மாவின் பெயர் ஏன் வந்தது? பெயரிட்டவருக்குக் கிடைத்த நூல்களில் அந்தப் பெயர்களே இருந்தன. தமிழில் கடலைக் குறிக்கச் சொற்கள் எத்தனை! சங்குக்கும் முத்துக்கும் எத்தனை! அவற்றை அவருக்கு எடுத்துச் சொல்ல, அந்தக் கல்லைக் கற்ற தமிழன் ஒருவனும் அங்கே இல்லை. இனங்களுக்குப் பெயரிடும் துறையில் முறைப்படி முதலில் இட்ட பெயரே நிற்கும். பின்னால் வந்து, “எமக்குப் பிடிக்கவில்லை” என்றால் மாறாது. கண்டவனே, கற்றவனே பெயரிடுவான்.

ஊட்டத்தூரைப் பாருங்கள். ஸ்டோலிச்கா விளக்கிய ஓர் அம்மோனைட்டைத் தனிப் பேரினமாக்கி, 1956-இல் உடட்டூரிசெரஸ் என்று பெயரிட்டார் ரைட் என்னும் ஆங்கிலேயர். ‘செரஸ்’ என்றால் கிரேக்கத்தில் கொம்பு. ஊட்டத்தூர்க் கொம்பு! திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரை உலக நூல்களில் பொறித்த அந்த ரைட் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர், அரசு அலுவலர். கோப்புகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் கல்லைப் பார்த்தவர். நம் அலுவலர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஊட்டத்தூர் மட்டுமா? காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில் என்று நம் சிற்றூர்ப் பெயர்கள் பாறை அடுக்குகளின் பெயர்களாக உலக ஏடுகளில் உலவுகின்றன. அந்த ஊர்களின் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது: டால்மியாபுரம்! படித்தபோது நாம் திடுக்கிட்டோம். 1953-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், கல்லக்குடி என்ற ஊர்ப்பெயரை மீட்கத் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தனர் தமிழ் இளைஞர். சிறை சென்றோர் உண்டு. குண்டடிபட்டு உயிர் ஈந்தோரும் உண்டு. நிலையத்தின் பலகையில் இன்று கல்லக்குடி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே கிடக்கும் பவளச் சுண்ணாம்புப் பாறைக்கு நிலநூலார் வழங்கும் பெயர் டால்மியாபுரம் படிவம்! பெயர்ப்பலகையைப் போராடி மாற்றலாம், மாற்றினோம். பாறையின் பெயரைப் போராட்டத்தால் மாற்ற இயலாது. அந்தக் களத்தில் வெல்ல வேறு படை வேண்டும். சுத்தியலும் உருப்பெருக்கியும் ஏடும் எழுதுகோலும் ஏந்திய படை.

அந்தப் படைக்கு முன்னோடி நம்மிடையே இல்லாமலில்லை. தஞ்சை மண்ணில் பிறந்த எம். எசு. கிருட்டிணன் 1940-இல் பெரம்பலூர்ப் பகுதிச் சாத்தனூரில், கல்லாகிக் கிடந்த 18 மீட்டர் நீள மரத்தைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் அவரே இந்திய நில ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் எழுந்துள்ளது. வழி இருக்கிறது, நடப்போர் வேண்டும்.

விரைந்து நடக்கவும் வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமிட்டியாகிறது. அதை நாம் பழிக்கவில்லை. நம் வீடும் பள்ளியும் பாலமும் அதனால் எழுந்தவை. ஆனால் பொறியின் வாயில் நொறுங்கும் கல்லில் எது வெறுங்கல், எது இதுவரை எவரும் காணாத இனம் என்று சொல்லச் சுரங்கத்தின் வாயிலில் ஒரு கண் வேண்டாமா? பேய் மிதித்த ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்றதற்கு இன்றும் கண்ணீர் வடிக்கின்றோமே! கல்லில் எழுதிய சுவடி மாவாகிப் போவதை வாளா பார்த்திருக்கலாமா?

கும்பிட்ட கையைக் கீழே இறக்கச் சொன்னோம், நல்லதே. இறக்கிய கை வெறுங்கையாகவே இருந்தால் நாளை அது மீண்டும் மேலே எழும். அதில் ஓர் உருப்பெருக்கியைக் கொடுக்க வேண்டும். மறுப்பது பகுத்தறிவின் வாயிற்படி. வாயிற்படியிலேயே குடியிருப்பவன் வீட்டைக் கண்டவனாக மாட்டான்.

ஓரத்தில் ஒதுக்கிய அந்தக் கல்லை இப்போது படிப்பகத்தின் நடுமேசையில் வைத்திருக்கின்றோம். பக்கத்தில் ஒரு தாள்: அம்மோனைட், அரியலூர்ப் பகுதி, கடல்வாழ் உயிரின் ஓடு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பேரினத்தின் பெயர் எழுத வேண்டிய வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதைச் சொல்ல நமக்குத் தெரியவில்லை. பெரியவர் வந்தார், எழுத்துக்கூட்டிப் படித்தார், “அப்ப இங்கெல்லாம் கடலுங்களா!” என்று வியந்தார். அந்தச் சிறுமியோ வெறுமையான வரியில் விரலை வைத்து, “இதை நான் படிச்சுட்டு வந்து எழுதறனுங்க மாமா” என்றாள்.

எழுதட்டும். அந்த இடத்தை அவளுக்காகவே விட்டு வைத்திருக்கின்றோம்.